ஆய்வகத்துக்கான செயற்கை நியூரோபெப்டைடுகள்: வடசென்னை ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பூரில் இருந்துகொண்டு, மாதவரம் முதல் ராயபுரம் வரை உள்ள ஆய்வகங்களுக்குச் செயற்கை நியூரோபெப்டைடுகளை வரவழைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஃபோனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். ஒரு குப்பி வீணானால் அவர்களுக்குப் பணத்தோடு மாதக்கணக்கான உழைப்பும் போகிறது. விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வு என்றால் அந்த உயிர்களும் வீணாகின்றன. அதனால் சில பதில்களைச் சுருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நியூரோபெப்டைடு என்பது எது? நீங்கள் தருவது எது?

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சிறிய புரதத் துண்டுகள்தான் நியூரோபெப்டைடுகள். புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் மூன்றே கொண்ட டி.ஆர்.ஹெச். முதல் 36 கொண்ட நியூரோபெப்டைடு ஒய், 37 கொண்ட சி.ஜி.ஆர்.பி. வரை பல அளவுகளில் இருக்கின்றன. வலியோடு தொடர்புடைய சப்ஸ்டன்ஸ் பி-யை 1931-இல் ஃபான் ஆய்லரும் கேடமும் கண்டார்கள். அதன் 11 அமினோ அமிலங்களின் வரிசை 1971-இல்தான் தெரிந்தது. மூளையே சுரக்கும் ஓபியாய்டுகளான (அபினைப் போல வலி தணிப்பவை) என்கெஃபலின்களை 1975-இல் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். மிளகாயின் காரம் நாக்கில் பட்டதும் நரம்பு முனைகள் வெளியே விடும் பொருள்களில் சப்ஸ்டன்ஸ் பி-யும் ஒன்று.

நாங்கள் பெரும்பாலும் தருவது இவற்றை வேதியியல் முறையில் கட்டி, உறைநிலையில் உலர்த்திய வெள்ளைப் பவுடர். ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்.

மூளையிலிருந்து நேரடியாக எடுத்தால் அதுதானே அசல்?

அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். கியுமனும் ஷாலியும் டி.ஆர்.ஹெச். அமைப்பைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கான ஆடு, பன்றிகளின் ஹைப்போதலமஸ் என்ற மூளைப் பகுதியைச் சேகரித்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது சில மில்லிகிராம். 1977-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த வழியில் போக எந்தத் தேவையும் இல்லை. 1953-இல் டு விக்னோ, பால் இறங்கத் தூண்டும் ஆக்ஸிடோசினைச் செயற்கையாகக் கட்டி, அது இயற்கையானதைப் போலவே வேலை செய்வதைக் காட்டினார். பத்து வருடம் கழித்து மெரிஃபீல்டு, பெப்டைடைச் சிறு பிசின் மணிகளின் மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று வரும் பெரும்பாலான குப்பிகள் அந்த முறையின் வாரிசுகள்தான். மூளைச் சாற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. செயற்கைப் பெப்டைடில் சொல்ல முடியும். ஆய்வுக்கு அதுதான் முக்கியம்.

ஆர்டரில் அமினோ அமில வரிசையை மட்டும் எழுதினால் போதாதா?

போதாது. ஆர்டர் படிவத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது வரிசையின் இரண்டு நுனிகளைத்தான்.

சப்ஸ்டன்ஸ் பி, ஆக்ஸிடோசின், நியூரோபெப்டைடு ஒய் மூன்றுக்கும் கடைசி நுனியில் அமைடு என்ற வேதித் தொகுதி இருக்க வேண்டும். வெறும் வரிசையை எழுதிக் கொடுத்தால், தயாரிப்பவர் அதைச் சாதாரண அமில நுனியோடு கட்டி அனுப்பிவிடலாம். எடை வித்தியாசம் ஒரே ஒரு டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் அறிக்கையில் அதைக் கவனிக்காமல் கடந்துபோவது எளிது. ஆனால் பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் ரிசெப்டருக்கு அது வேறு மூலக்கூறு. பெப்டைடின் வீரியம் பெருமளவு போய்விடும். மாணவர் செல்லின் மேல் ஊற்றிவிட்டு, "பதிலே வரவில்லை" என்று வாரக்கணக்கில் தவிப்பார்.

முதல் நுனியும் அப்படித்தான். டி.ஆர்.ஹெச்., நியூரோடென்சின், ஒரெக்ஸின் ஏ மூன்றும் பைரோகுளூட்டமேட் என்ற வளைய வடிவ அமினோ அமிலத்தில் தொடங்குகின்றன. டைசல்ஃபைடு பிணைப்பையும் (இரண்டு சிஸ்டைன் அமினோ அமிலங்களை இணைக்கும் கந்தகப் பாலம்) குறிப்பிடுங்கள். ஆக்ஸிடோசினில் 1-ஆம், 6-ஆம் இடத்து சிஸ்டைன்களுக்கு இடையே ஒரு பிணைப்பு. ஒரெக்ஸின் ஏ-யில் இரண்டு. இரண்டு பிணைப்பு என்றால் எது எதோடு சேர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

அப்புறம், எந்த உயிரினம்? கால்நடை ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாலூட்டிகளின் வாசோப்ரெசினில் 8-ஆம் இடத்தில் ஆர்ஜினின். பன்றியில் அந்த இடத்தில் லைசின். கோழிக்கு ஆக்ஸிடோசினே கிடையாது. அதன் இடத்தில் இருப்பது மீசோடோசின். மனித, எலி நியூரோபெப்டைடு ஒய் இரண்டும் ஒன்றுதான், பன்றியினுடையது ஒரு இடத்தில் மட்டும் மாறும். சப்ஸ்டன்ஸ் பி மனிதனுக்கும் எலிக்கும் ஒன்றே. அதில் கவலை வேண்டாம்.

குப்பியோடு வரும் அறிக்கையில் "தூய்மை 95%-க்கு மேல்" என்று இருக்கிறது. அதே தாளில் "பெப்டைடு அளவு 78%" என்றும் இருக்கிறது. எது உண்மை?

இரண்டும் உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஹெச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) காட்டும் தூய்மை என்பது, குப்பியில் உள்ள பெப்டைடுகளுக்குள் நீங்கள் கேட்ட பெப்டைடு எத்தனை சதவீதம் என்று சொல்வது. வரிசையில் ஒரு அமினோ அமிலம் விடுபட்ட துண்டுகள் போன்றவைதான் மீதி 5%. பெப்டைடு அல்லாத பொருள்களை அது கணக்கில் எடுப்பதே இல்லை. குப்பியிலோ உப்பும் ஈரமும் இருக்கின்றன. பிசினிலிருந்து பெப்டைடைப் பிரிக்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் டி.எஃப்.ஏ. என்ற அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெப்டைடில் நேர் மின்னேற்றம் உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு டி.எஃப்.ஏ. ஒட்டிக்கொள்ளும்.

சப்ஸ்டன்ஸ் பி-யையே எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 1347.6. அதில் ஆர்ஜினின் ஒன்று, லைசின் ஒன்று, முதல் நுனி ஒன்று, ஆக மூன்று நேர் மின்னேற்றங்கள். ஒரு டி.எஃப்.ஏ.வின் எடை 114. மூன்றுக்கு 342. மொத்தம் 1690-இல் பெப்டைடு 1347.6, அதாவது ஏறத்தாழ 80%. ஈரம் துளிகூட இல்லாவிட்டாலும் இதுதான் உச்சம். ஈரத்தையும் சேர்த்தால் 78% வருவதில் ஆச்சரியம் இல்லை. யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

இப்போது ஒரு மில்லிமோலார் கரைசல் தயாரிக்க வேண்டும். குப்பியில் 1 மில்லிகிராம் பவுடர், பெப்டைடு அளவு 80% என்று வையுங்கள். உண்மையான பெப்டைடு 0.8 மில்லிகிராம், அதாவது 0.594 மைக்ரோமோல். ஊற்ற வேண்டியது 594 மைக்ரோலிட்டர். முழு 1 மில்லிகிராமும் பெப்டைடு என்று நினைத்தால் 742 மைக்ரோலிட்டர் ஊற்றுவீர்கள், கரைசல் 0.8 மில்லிமோலாராக நிற்கும். அடுத்த லாட்டில் (ஒரே தடவையில் கட்டிய தொகுதி) பெப்டைடு அளவு 70% என்று வந்தால் உங்கள் டோஸ் வளைவு முழுதும் நகர்ந்துவிடும். போன வருட முடிவும் இந்த வருட முடிவும் ஏன் ஒட்டவில்லை என்று யாருக்கும் புரியாது. எனவே பெப்டைடு அளவையும் லாட் எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அறிக்கையில் பெப்டைடு அளவு இல்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்து வாங்கித் தருகிறோம்.

டி.எஃப்.ஏ. செல்களுக்குக் கெடுதல் செய்யாதா?

குறைந்த நானோமோலார் அளவில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மைக்ரோமோலார் அளவுக்கு மேலே போகிறீர்கள், அல்லது செல்களை நாள்கணக்கில் பெப்டைடோடு வைக்கிறீர்கள் என்றால் அசிடேட் உப்பாக மாற்றிக் கேளுங்கள். விலங்குகளுக்குச் செலுத்துவதானாலும் அசிடேட்தான் நல்லது. செலவு கொஞ்சம் கூடும்.

எவ்வளவு தூய்மை கேட்க வேண்டும்?

ஆன்டிபாடி உருவாக்க 80% அளவே போதும். செல் வளர்ப்பு, மூளைச் சீவல், ரிசெப்டர் பிணைப்பு ஆய்வுகளுக்கு 95%. அளவீட்டுத் தரநிலையாக வைக்கிறீர்கள் என்றால் 98%. 98% வாங்குவது கௌரவம் என்று நினைத்துச் சிலர் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள்; அந்தப் பணத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுப் பெப்டைடு ஒன்று வாங்கலாம்.

நியூரோபெப்டைடு ஒய் மட்டும் ஏன் இவ்வளவு விலை?

நீளம்தான் காரணம். 36 அமினோ அமிலம் என்றால் 35 முறை இணைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் 99% வெற்றி என்றாலே கடைசியில் முழு நீளத்தில் நிற்பது 70%தான். 98%-ஆக இறங்கினால் பாதிகூடத் தேறாது. மீதியெல்லாம் ஒன்றிரண்டு குறைந்த துண்டுகள். அவை முழுப் பெப்டைடோடு மிக நெருங்கி நடந்துகொள்வதால் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை. சப்ஸ்டன்ஸ் பி-க்கு 10 இணைப்புதான், அதே 99%-இல் 90% தேறிவிடும்.

பார்சலில் ஐஸ் பேக் உருகியிருந்தது. திருப்பி அனுப்பவா?

வேண்டாம். உலர்ந்த பவுடர் சில நாள்கள் அறை வெப்பத்தைத் தாங்கும். வந்ததும் மைனஸ் 20-இல் வையுங்கள். நீண்ட காலத்துக்கு மைனஸ் 80. கரைசலாக ஆர்டர் கொடுத்தது உருகி வந்திருந்தால் மட்டும் உடனே ஃபோன் செய்யுங்கள்.

குப்பிக்குள் ஒன்றுமே தெரியவில்லையே?

ஒரு மில்லிகிராம் பவுடர் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சில சமயம் மூடியில் இருக்கும். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றி அடியில் இறக்குங்கள். அப்புறம் திறந்து, கரைசலைச் சுவர் முழுதும் படும்படி விடுங்கள். பவுடரை வெளியே எடுத்து எடை போட முயற்சிக்க வேண்டாம்.

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு திறக்கலாமா?

கூடவே கூடாது, அதிலும் நம் ஊரில். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டிய இடங்கள். ஏசி இல்லாத அறையில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். பெப்டைடு பவுடர் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். எடைக் கணக்கு தவறுவதோடு, ஈரம் சேர்ந்த பவுடர் ஃப்ரீஸரிலும் மெதுவாகச் சிதையும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் குப்பியை மூடியபடியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகியிருந்தால் ஓவனில் வைத்து உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது சீக்கிரமே மாறிவிடும்.

எதில் கரைப்பது?

முதலில் மின்னேற்றத்தை எண்ணுங்கள். ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின், முதல் நுனி ஒவ்வொன்றுக்கும் கூட்டல் ஒன்று. ஆஸ்பார்ட்டிக், குளூட்டமிக், கடைசி அமில நுனி ஒவ்வொன்றுக்கும் கழித்தல் ஒன்று. கடைசி நுனி அமைடு என்றால் அதை எண்ண வேண்டாம். கூட்டல் மிஞ்சினால் சுத்தமான தண்ணீர், கரையாவிட்டால் கொஞ்சம் 10% அசிட்டிக் அமிலம். கழித்தல் மிஞ்சினால் மிக நீர்த்த அம்மோனியா. சிஸ்டைன் இருந்தால் அம்மோனியா பக்கமே போகாதீர்கள். தண்ணீரில் ஒட்டாத பெப்டைடுக்கு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான், ஆனால் மெத்தியோனின், சிஸ்டைன் உள்ளவற்றை அது ஆக்ஸிஜனேற்றம் செய்துவிடும்.

நேராக பி.பி.எஸ். என்ற உப்புப் பஃபரில் போட வேண்டாம். உப்பு இருந்தால் கரையாமல் கட்டிதட்டும் பெப்டைடுகள் நிறைய. முதலில் அடர்ந்த கரைசல், பிறகு பஃபரில் நீர்த்துக்கொள்ளலாம்.

கரைத்த பிறகு எத்தனை நாள் இருக்கும்?

பவுடராக இருந்தால் வருடக்கணக்கில் இருப்பது, கரைந்ததும் வாரக்கணக்குக்கு இறங்கிவிடும். ஒரு நாள் தேவைக்கான அளவில் சின்னச் சின்ன ட்யூப்களில் பிரித்து உறைய வையுங்கள். உருக்கியதில் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். திரும்ப உறைய வைக்காதீர்கள். சப்ஸ்டன்ஸ் பி, மெத்-என்கெஃபலின் இரண்டிலும் கடைசி அமினோ அமிலம் மெத்தியோனின். காற்று பட்டால் அது ஆக்ஸிஜனேற்றமாகி எடை 16 கூடும். நைட்ரஜன் ஊதிய தண்ணீரில் கரைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் மாஸ் ஸ்பெக்கில் அந்த 16-ஐத் தேடுங்கள்.

தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது. அது உள்ளே வெப்பத்தை ஏற்றி ஏற்றி இறக்கும்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, கரண்டும் வரவில்லை. அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறோம். பவுடர் குப்பிகளைப் பற்றிக் கலங்க வேண்டாம். மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டால் அறை வெப்பத்திலேயே சில நாள் தாங்கும். தண்ணீர் புகுந்து நனைவதுதான் அவற்றுக்கு ஆபத்து, ஆகவே அடித்தட்டில் வைக்காதீர்கள். கரைசல்களுக்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். அக்டோபர் தொடங்குவதற்குள் உறைந்த ஐஸ் பேக்குகளால் ஃப்ரீஸரின் காலி இடத்தை நிரப்புங்கள், கதவைத் திறக்காதீர்கள். பெரிய அளவில் கரைத்து வைக்கும் வேலையைப் பொங்கலுக்குப் பின் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். உருகி மறுபடி உறைந்ததா என்று தெரியவில்லையா? ஃப்ரீஸருக்குள் ஒரு ட்யூப்பில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு கண்ணாடி மணியைப் போட்டு வையுங்கள். மணி அடியில் கிடந்தால் உருகியிருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தேன். பெப்டைடு வேலை செய்யவில்லை.

இந்த அழைப்பு வரும்போது, எங்கள் பொருளில் குறை இல்லை என்று நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவதில்லை. அதே லாட்டில் எடுத்து வைத்திருக்கும் மாதிரியை மறுபடி மாஸ் ஸ்பெக்கில் பார்க்கச் சொல்கிறோம். அது சரியாக இருந்தால், குப்பிக்கும் செல்லுக்கும் நடுவே பெப்டைடு எங்கே தொலைந்தது என்று சேர்ந்து தேடுகிறோம்.

பெரும்பாலும் அது ட்யூப் சுவரில் இருக்கும். நானோமோலார் அளவில் பெப்டைடு கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு, கரைசலில் மிகக் குறைவாகவே மிஞ்சும். ஒட்டாத வகை ட்யூப் எடுங்கள், நீர்த்த கரைசலில் 0.1% பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) சேருங்கள், சீவல்களுக்குப் போகும் குழாயையும் அதே கரைசலால் முன்பே கழுவுங்கள். அடுத்த சந்தேகம், பெப்டைடை வெட்டும் திசு நொதிகளான பெப்டிடேஸ்கள். என்கெஃபலினை அவை மிக வேகமாக வெட்டிவிடும். பெஸ்டாட்டின், தயார்ஃபன் போன்ற தடுப்பான்களைச் சேர்க்கலாம், அல்லது வெட்டுப்படாத டாம்கோ போன்ற மாற்று வடிவத்துக்குப் போகலாம்.

முதல் முறை பதில் வந்து, அடுத்தடுத்து குறைந்தால் பெப்டைடைக் குறை சொல்ல வேண்டாம். சப்ஸ்டன்ஸ் பி-யின் என்.கே.1 ரிசெப்டர் சீக்கிரம் சோர்ந்துபோகும். நன்றாகக் கழுவி, இடைவெளி விட்டு மறுபடி கொடுங்கள். உங்கள் செல்லில் அந்த ரிசெப்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: பெப்டைடு இல்லாமலே பதில் வருவது. கரைக்கப் போட்ட அமிலம் பி.ஹெச்.சை இறக்கினால் வலி நரம்பு செல்கள் அதற்கே துடிக்கும். மிளகாய்க் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 ரிசெப்டர், அமிலத்துக்கும் திறக்கும். அதே அமிலம் கலந்த வெறும் கரைசல், அமினோ அமிலங்களை மாற்றி அடுக்கிய பெப்டைடு, ரிசெப்டர் தடுப்பான் மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகே முடிவை நம்புங்கள்.

மருந்துக் கடையில் ஆக்ஸிடோசின் ஆம்பூல் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே செல்லில் போடலாமா?

அது நோயாளிக்காகத் தயாரித்தது. சில தயாரிப்புகளில் குளோரோபியூட்டனால் என்ற பாதுகாப்புப் பொருள் உண்டு. அதற்கே தனி விளைவுகள் இருக்கின்றன. 5 யூனிட் என்பது ஏறத்தாழ 8.4 மைக்ரோகிராம்தான். ஆய்வுக்கு வேண்டாம்.

எலியில் செலுத்த என்ன அனுமதி வேண்டும்?

விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வில் உங்கள் நிறுவனம் (முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ.) பதிவு பெற்றிருக்க வேண்டும், உங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். விலங்குகளுக்கான ஆர்டரில் ஒப்புதல் எண்ணைக் கேட்போம், எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) சோதனையும் செய்யச் சொல்வோம். ஏற்கெனவே வளர்ப்பில் உள்ள செல் லைன்களுக்கு இந்த ஒப்புதல் தேவையில்லை.

எனக்கே போட்டுக்கொள்ள, அல்லது மாட்டுக்குப் போடக் கொடுப்பீர்களா?

கொடுக்க மாட்டோம். யார் சொல்லி வந்தாலும் பதில் இதுதான்.

நினைவாற்றலுக்கு செமாக்ஸ், பதற்றத்துக்கு செலங்க் என்று கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். ஜிம்மில் யாரோ சொல்லியிருப்பார். தம்பி, எங்கள் குப்பியில் 5% வரை வேறு துண்டுகள் இருக்கலாம் என்று மேலே எழுதியிருக்கிறோம். அது கிருமி நீக்கம் செய்தது இல்லை. மனித உடலில் பாதுகாப்பானதா என்று யாரும் அந்த லாட்டைச் சோதித்ததும் இல்லை. ஆய்வகத் தட்டில் உள்ள செல் செத்தால் வேறு தட்டு எடுக்கலாம். தூக்கம் வரவில்லை, படிப்பில் மனம் நிற்கவில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கறவை மாட்டுக்கு ஆக்ஸிடோசின் கேட்டு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். பால் சுரக்க மாட்டுக்குக் கெடுதலான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றம். கன்று முட்டினாலே அந்த மாட்டின் மூளை தானாக ஆக்ஸிடோசினை விடும். கன்று செத்துப்போய் மாடு பால் இறக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதனால்தான் தனிநபர் முகவரிக்கு நாங்கள் எதையும் அனுப்புவதில்லை. துறைத் தலைவர் கையெழுத்தோடு நிறுவன ஆர்டர் வேண்டும்.

எங்கள் கல்லூரியில் நிதி குறைவு. இரண்டு ஆய்வகங்கள் சேர்ந்து வாங்கலாமா?

தாராளமாக. தனியாகக் கட்டச் சொல்லும் பெப்டைடுக்கு 1 மில்லிகிராமுக்கும் 5 மில்லிகிராமுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஐந்து மடங்கு இருக்காது. சேர்ந்து ஆர்டர் கொடுத்தால், தயாரிப்பவரிடமே 1 மில்லிகிராம் குப்பிகளாக உலர்த்திப் பிரித்துத் தரச் சொல்கிறோம். ஒரே லாட் என்பதால் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளையும் ஒப்பிடவும் முடியும். இரு தரப்பும் தங்கள் நிறுவன ஆர்டரைத் தனித்தனியே அனுப்ப வேண்டும், அறிக்கையின் நகல் இருவருக்கும் வரும். கட்டி முடித்துக் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். சினாப்சிஸ் சமர்ப்பிக்கும் தேதியை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.